நம் ஊரைப் படிக்கும் படிப்பு

(திண்டுக்கல்லில், உளவியலையும் சமூக அறிவியலையும் பட்டப்படிப்பாக எடுத்திருக்கும் முதலாண்டு மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது ஒரு அப்பா என்னை நிறுத்திக் கேட்டார்: “பொண்ணு சைக்காலஜி எடுத்திருக்குங்க. முடிச்சா டாக்டருங்களா?” பக்கத்தில் நின்ற அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். குனிய வேண்டியதில்லை, அம்மா. கட்டணம் கட்டுகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன்.

டாக்டர் இல்லை. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். மருந்து எழுதுவது அவர் வேலை. மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்டுவதற்கு, பட்டத்துக்கு மேலும் பல ஆண்டு பயிற்சி பெற்று, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வெறும் இளங்கலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு ‘கவுன்சிலிங் சென்டர்’ திறக்கக் கூடாது. பெற்றோரே, அப்படித் திறந்திருக்கும் இடத்துக்கு உங்கள் பிள்ளையை அழைத்துப் போகவும் வேண்டாம். 2025-இல் பல்கலைக்கழக மானியக் குழு, உளவியலைத் தொலைதூரக் கல்வியாகவும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டது. மனிதரோடு வேலை செய்யக் கற்றுத்தரும் படிப்பை மனித முகம் பாராமல் படிக்க முடியாது என்பதால் அதை நான் வரவேற்கிறேன். ஆனால் மில் வேலைக்குப் போய்க்கொண்டே தபாலில் படித்துவந்த பெண்களுக்கு இது அடைத்த கதவு. அவர்களுக்காக மாலைக் கல்லூரி கேட்க வேண்டியது நம் கடமை.

வேலை உண்டு. 1936-இல் மும்பையில் தொடங்கிய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி போன்ற இடங்களுக்குப் போய் மேலே படிக்கலாம். மாவட்ட மனநலத் திட்டம், பள்ளி, மருத்துவமனை, குழந்தைகள் பாதுகாப்பு, தொழிற்சாலை மனிதவளம், போட்டித் தேர்வு எனப் பல வழிகள் இருக்கின்றன. வேலையைப் பற்றி இவ்வளவு போதும். இந்தப் படிப்பு எதற்கு என்பதைப் பேசத்தான் வந்தேன்.

உங்கள் பாடப்புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடத்திலேயே 1879 வரும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென்று ஆய்வுக்கூடம் வைத்த ஆண்டு. அதற்குப் பின் வரும் சோதனைகளில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பியக் கல்லூரி மாணவர்களை உட்காரவைத்துச் செய்தவை. உலக மக்கள்தொகையில் சுமார் 12 விழுக்காடே இருக்கும் செல்வந்த மேற்கு நாட்டினர், உளவியல் ஆய்வுகளில் பங்கெடுத்தோரில் 96 விழுக்காடு என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கணக்கு எடுத்தார்கள். 2010-இல் ஹென்ரிக், ஹைன், நோரன்சயான் என்ற மூன்று ஆய்வாளர்கள், இவர்களை வைத்து ‘மனித மனம்’ முழுவதையும் பேசிவிட முடியாது என்று விரிவாக எழுதினார்கள். ஆக, சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பாட்டியின் மனம் அந்தப் புத்தகத்தில் இன்னும் ஏறவில்லை. அதை ஏற்ற வேண்டியவர்கள் நீங்கள்.

அதற்கு ஒரு முன்னோடி நம் மாநிலத்திலேயே உண்டு. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர், மருத்துவம் படித்து உளவியலுக்கு வந்தவர். 1898-இல் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக்குழுவில் இருந்தார். 1901, 1902-இல் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பல மாதம் வேலை செய்தார். முல்லர்-லையர் படம் உங்களுக்கு முதல் பருவத்திலேயே செய்முறையாக வரும்: இரண்டு கோடுகளும் ஒரே நீளம், ஆனால் முனையில் இருக்கும் சிறகுகளின் திசையால் ஒன்று நீண்டும் மற்றது குறுகியும் தெரியும். அந்தக் கோடுகளைத் தோடர்களுக்குக் காட்டினார் ரிவர்ஸ். அவர்கள் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள். செங்குத்துக் கோட்டையும் படுக்கைக் கோட்டையும் வைத்துச் செய்யும் வேறொரு சோதனையில் ஆங்கிலேயரைவிட அதிகமாக ஏமாந்தார்கள். ‘நாகரிகம் குறைந்தவர்கள், அதனால் புலன் கூர்மை’ என்று அன்று பேசியவர்களுக்கு இது இடி. ஒன்றில் குறைவு, ஒன்றில் அதிகம் என்றால் அந்தக் கதை நிற்காது. வாழும் வீட்டின் வடிவம், பார்த்துப் பழகிய நிலம் ஆகியவை கண்ணைப் பழக்குகின்றனவா என்று 1960-களில் பெரிய ஆய்வுகள் நடந்தன. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

ரிவர்ஸிடம் நான் மதிப்பது அதற்கு அடுத்து அவர் செய்ததைத்தான். கோடு காட்டிக் கணக்கு எடுத்ததோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரை மணந்தார், இறந்தவர் பெயர் என்ன என்று வம்சாவளி முழுவதையும் கேட்டு எழுதினார். 1906-இல் வந்த அவருடைய தோடர் நூலில் அது நிறைந்திருக்கிறது. பின்னாளில் முதல் உலகப்போரில் மனம் சிதைந்த சிப்பாய்களுக்கு ஸ்காட்லாந்தில் சிகிச்சை தந்தவரும் அவரே. கண்ணைச் சோதித்தவர், உறவைக் கேட்டவர், பயத்தைக் கேட்டவர் எல்லாம் ஒரே ஆள். இன்று நாம் இவற்றை மூன்று துறைக்குப் பிரித்து, மூன்று மாடியில் வைத்திருக்கிறோம். ஒரு மாடியில் இருப்பவர் அடுத்த மாடிக்குப் போவதே இல்லை. எனக்கு இந்தப் படிப்பில் உள்ள பெரிய மனக்குறை இதுதான்.

பிரித்தால் என்ன ஆகும்? வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. மில் வேன் வந்து ஊர் ஊராகப் பெண்பிள்ளைகளை ஏற்றிப் போவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். உங்களில் சிலருடைய அக்காவே அந்த வேனில் போகிறவராக இருக்கலாம். ஒரு உளவியல் மாணவி வினாத்தாளோடு போகிறாள். ‘தலை கனமா இருக்கு’, ‘தூக்கம் வரல’, ‘நெஞ்சு படபடங்குது’ என்று அந்தப் பெண் சொல்கிறாள். மாணவி மதிப்பெண் போட்டுக் கூட்டி, மன அழுத்தம் அதிகம், மூச்சுப்பயிற்சி செய்யலாம் என்று முடித்துவிடுகிறாள். ஷிப்ட் எப்போது மாறுகிறது, மேற்பார்வையாளர் எப்படிப் பேசுகிறார், எந்தத் தெருப் பெண்ணிடம் எப்படிப் பேசுகிறார் என்று கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு சமூகவியல் மாணவன் போகிறான். கூலி, சாதி, வேலைநேரம் எல்லாம் அட்டவணை போடுகிறான். இத்தனை நடந்தும் அவள் ஏன் வீட்டில் வாய் திறக்கவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை அவனுக்கு. சொன்னால் வேலையை நிறுத்தி அவசரமாகக் கல்யாணம் முடித்துவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு. இரண்டு பேரும் அரை உண்மையோடு திரும்பி வருகிறார்கள்.

முழு உண்மையைக் கேட்டவர்கள் அங்கேயே வேலை செய்தவர்கள். 2021 ஜனவரியில் இந்த மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அதற்குப் பின், தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் ஆடை நிறுவனத்தோடு விடாமல் பேசி, 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. உலகம் முழுவதும் அது ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்ற பெயரிலேயே அறியப்படுகிறது. பாலியல் துன்புறுத்தலையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்க, தொழிற்கூடத்தில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி தந்தார்கள். கூட வேலை பார்ப்பவளிடம் சொல்வது மேலதிகாரியிடம் சொல்வதைவிட எளிது என்பதும், சொன்னவளைப் பழிவாங்காமல் காக்க எழுத்தில் ஒரு காப்பு வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. முதலாவது உளவியல், இரண்டாவது சமூக அறிவியல். நம் மாவட்டத்துப் பெயரில் இருக்கும் இந்த ஒப்பந்தம் உங்கள் பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். இதைச் சொல்லும்போது கவனமாகச் சொல்ல வேண்டும், நீங்களும் கவனமாகக் கேட்க வேண்டும். விவசாய வீடுகளில் பூச்சிமருந்து இருக்கும். நிலக்கோட்டைப் பூ வயலோ ஒட்டன்சத்திரம் தக்காளிக் காடோ, மருந்து இல்லாமல் ஓடாது. தற்கொலை எண்ணம் பலருக்கும் ஒரு கொந்தளிப்பான நேரத்தில் வந்து, அந்த நேரம் கடந்தால் தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பதில்தான் உயிர் தங்குகிறது. சென்னையில் 1986-இல் ‘ஸ்நேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரோடு வேலை செய்தவர்களும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் ஓர் ஏற்பாடு செய்துபார்த்தார்கள். மருந்தை வீட்டில் வைக்க வேண்டாம். ஊருக்குப் பொதுவாக ஒரு கிடங்கு. வங்கி லாக்கர் மாதிரி ஆளுக்கொரு பூட்டிய பெட்டி. தேவைப்படும்போது போய் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஏற்பாடு இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். ஏற்பாடு இருந்த ஊர்களில் உயிரிழப்பும் முயற்சியும் கூடுதலாகக் குறைந்தன. 2013-இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊரில் நின்று இதைச் சொல்கிறேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்கிற கைகளோ குறைந்துகொண்டே போகின்றன. அந்தக் கைகள் செய்யும் பூட்டு நம் மாவட்டத்தில் ஊர்தோறும் இப்படியொரு பெட்டியில் தொங்கினால் எத்தனை வீடு பிழைக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இது நடக்குமா, எந்த ஊர் ஒத்துக்கொள்ளும், ‘என் மருந்தை நான் ஏன் வெளியே வைக்கணும்’ என்பவரிடம் என்ன சொல்வது, கிடங்குச் சாவி எந்தத் தெருக்காரரிடம் இருந்தால் எல்லாத் தெருக்காரரும் வருவார்கள்? இவை உங்கள் மூன்றாம் ஆண்டு ஆய்வேட்டுக்கான கேள்விகள். இந்த அவையில் யாருக்காவது மனம் கனத்தால் 14416 என்ற ‘டெலி மனாஸ்’ எண்ணுக்கோ 104-க்கோ எந்த நேரமும் பேசலாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டிக்கச் சொல்லவில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

மனநோயாளிகளைத் தங்கவைக்கும் கோயில்கள், தர்காக்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்கா இருக்கும் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பின், நோயாளிகளைக் கோயிலுக்கும் தர்காவுக்கும் கூட்டிப்போவது எல்லாமே மூடத்தனம் என்ற பேச்சு எழுந்தது. மறு ஆண்டே, பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர் ஆர். ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் என்ற கிராமத்துக் கோயிலில் குடும்பத்தோடு வந்து தங்கிய 31 பேரைத் தங்கும்போதும் கிளம்பும்போதும் அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள்.  காலையில் ஒரு வழிபாடு, பின் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது மாதிரி சிறு வேலைகள், கூடவே இருக்கும் உறவினர். நோயின் கடுமை ஏறக்குறைய 20 விழுக்காடு தணிந்திருந்தது.

இதைக் கேட்டதும், “அப்போ கோயிலே போதுமே” என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 31 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. கோயிலுக்கு வராத நோயாளிகளோடு ஒப்பிடவும் இல்லை. ஆய்வாளர்களும் கோயில் நோயைத் தீர்க்கும் என்று எழுதவில்லை. அச்சுறுத்தாத, ஆதரவான ஓரிடத்தில் இருந்ததே பலன் தந்திருக்கலாம் என்றார்கள். என் கவனம் நிற்பது வேறிடத்தில். ஏர்வாடிக் கொட்டகையிலும் இந்தக் கோயிலிலும் இருந்தவர்கள் மனநோய் வந்தவர்களே. ஓரிடத்தில் சங்கிலி, ஓரிடத்தில் துடைப்பமும் உறவும். இந்த வித்தியாசத்தைத் தூரத்திலிருந்து சொல்ல முடியாது. போய் உட்கார்ந்து, பார்த்து, அளந்துதான் சொல்ல முடியும். அந்தப் பொறுமையைத் தருவதற்குத்தான் இந்தப் பட்டப்படிப்பு.

போய்ப் பார்ப்பதற்கு வயதோ பட்டமோ தடை என்று நினைக்காதீர்கள். 1915-இன் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்கள் கையில் வினாக்களைக் கொடுத்துச் சொந்தக் கிராமத்துக்கு அனுப்பினார். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான் என அவர்கள் எழுதிக் கொண்டுவந்தது 1918-இல் புத்தகமாயிற்று. 1930-களில் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள். இருவேல்பட்டுக்கு 1980-களிலும் 2008-இலும்கூட ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். ஒரு தமிழ்க் கிராமம் நூறு ஆண்டில் எப்படி மாறியது என்று இன்று உலகில் யார் பேசினாலும், அதன் அடியில் இருப்பது மாணவர்கள் எழுதிய அந்தக் குறிப்புதான். ஆனால் அன்று கல்லூரிக்கு எந்தத் தெருவிலிருந்து பிள்ளைகள் வர முடிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து போனவர்கள் சேரியைப் பற்றி எழுதினார்கள். சேரியிலிருந்து வந்தவர் ஊரைப் பற்றி எழுதுவது இப்போதுதான் நடக்கிறது. இந்த அவையிலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் எழுதப்போவது முன்பு யாரும் எழுதாதது.

நம் பக்கத்தில் இதற்கென்றே ஒரு நிறுவனம் எழுந்தது. அம்பாத்துரை ரயில் நிலையத்தைத் தாண்டிப் போகிறவர்கள் காந்திகிராமத்தைப் பார்க்காமல் போக முடியாது. டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம் இளவயதில் கணவரை இழந்தவர். டெல்லியில் மருத்துவம் படித்து, 1940-இல் ஜி. ராமச்சந்திரனை மணந்தார். இருவரும் 1947 அக்டோபரில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ராதாகிருஷ்ணன் தலைமையிலான 1948-49 பல்கலைக்கழகக் கல்விக்குழு கிராமியப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த வழியில் 1956-இல் இங்கே கிராமிய நிறுவனம் வந்தது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. சௌந்தரம் 1962-இல் திண்டுக்கல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். அங்கே படிக்கிறவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி வேலை செய்வது படிப்பின் ஒரு பகுதி. விருப்பப்பட்டால் செய்யும் சேவை என்று அதை வைக்கவில்லை.

1959-இல் காந்திகிராமத்தை ஒட்டிய ஆத்தூர் வட்டாரத்தில் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. குடும்பநலச் செய்தியைச் சொல்லிவிட்டுப் போவதோடு நில்லாமல், ஊருக்குள் யார் பேச்சை யார் கேட்கிறார்கள், தாங்களே கூடிப் பேசி முடிவெடுக்க என்ன வழி என்று தேடினார்கள். பிறகு 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் நாட்டின் பல பகுதிகளில் அதே குடும்பநலம் இலக்கு எண்ணாகி, கட்டாயக் கருத்தடை அறுவையாகி, ஜனங்களைத் துரத்தியது. மனிதர் எதற்கு இசைவார் என்று படிப்பதும், மனிதரை எப்படி இசைய வைக்கலாம் என்று படிப்பதும் பக்கத்துப் பக்கத்து வீடு. எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று ஒவ்வொரு முறை வினாத்தாளை நீட்டும்போதும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கல்லூரி நிர்வாகிகளிடமும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நம் களப்பணி அறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பைண்டிங் ஆகி, துறை அலமாரியில் அடைகின்றன. பதில் சொன்ன ஜனங்கள் அதைப் பார்ப்பதே இல்லை. அக்டோபர் 2 அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடும். நீங்கள் ஆய்வு செய்த ஊரின் சபையில், ஊருக்குப் பொதுவான பகுதியை மட்டும் மூன்று பக்கத்துக்குள், நல்ல தமிழில் எழுதிப் படியுங்கள். தனி ஒருவர் நம்பிச் சொன்னது எதுவும் அதில் வரக் கூடாது. பெயரில்லாவிட்டாலும் ஆள் அடையாளம் தெரியும் என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். ஊரக வேலைத் திட்டத்துக்குப் போகும் பெண்கள் பேச நேரம் கேளுங்கள். “நீ எழுதினது தப்பு, தம்பி” என்று ஒரு பெரியவர் எழுந்தால், அவர் சொல்வதை அப்படியே எழுதி அறிக்கையோடு சேர்த்துக் கொடுங்கள். அடுத்த ஆண்டு அந்த ஊருக்குப் போகும் மாணவர் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கட்டும்.